கர்லிங்: சுழற்றின பக்கமே கல் வளைகிறதே, எப்படி?

#1 கேரம்குமார்

மூன்று வாரமாக ராத்திரி தூக்கம் சரியில்லை. பழைய குளிர்கால ஒலிம்பிக் ஆட்டங்களை ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். பனிச்சறுக்கெல்லாம் இரண்டே நாளில் அலுத்துவிட்டது, பனித்தளத்தில் கனமான கல்லை வழுக்கி விட்டு ஆடுகிற கர்லிங்கில் மாட்டிக்கொண்டேன். இருபது வருடமாக கேரம் ஆடுகிறவன் என்பதாலோ என்னவோ, வட்டத்துக்குள் கல்லை நிறுத்துவது, எதிராளியின் கல்லைத் தட்டி வெளியே தள்ளுவது, நம் கல்லுக்கு முன்னால் இன்னொன்றைக் காவலுக்கு வைப்பது எல்லாம் பார்த்தவுடனேயே பழகின மாதிரி இருந்தது.

ஆனால் ஒன்று மண்டையைக் குடைகிறது. கல்லை விடும்போது கைப்பிடியை லேசாகத் திருப்பி விடுகிறார்கள் இல்லையா, கடிகார முள் சுற்றும் பக்கமாகத் திருப்பினால் கல் போகப்போக வலது பக்கம் வளைகிறது, எதிர்ப்பக்கம் திருப்பினால் இடது பக்கம். இதில் என்ன அதிசயம் என்று கேட்பீர்கள். சாப்பாட்டு மேசையில் எவர்சில்வர் டம்ளரைக் கவிழ்த்து வைத்து அதே மாதிரி வலப்பக்கம் சுழற்றித் தள்ளிப் பாருங்கள். நான் பத்துத் தடவை தள்ளினேன். பத்துத் தடவையும் இடது பக்கம்தான் போனது.

இரண்டாவது சந்தேகம். கல்லுக்கு முன்னால் இரண்டு பேர், விருந்தாளி வாசலுக்கு வந்துவிட்ட அவசரத்தில் கூடத்தைப் பெருக்குகிற மாதிரி பெருக்குகிறார்களே, அதனால் நிஜமாகவே ஏதாவது நடக்கிறதா, இல்லை டி.வி.க்காகவா?

#2 சும்மாவந்தவன்

நடுராத்திரியில் பத்துத் தடவை டம்ளர் தள்ளியிருக்கிறீர்கள். வீட்டில் தூக்கம் வராதவர் நீங்கள் ஒருவர்தானா என்று விசாரித்துக்கொள்ளுங்கள்.

#3 பனிப்பொறி

குமார், உங்கள் டம்ளர் ஒழுங்காகத்தான் நடந்திருக்கிறது. கல்தான் விதிவிலக்கு.

டம்ளர் வேகம் குறையும்போது அதன் பாரம் முன்விளிம்பில் கூடுதலாக விழுகிறது, பஸ்ஸில் பிரேக் போட்டால் நாம் முன்னால் சாய்கிற மாதிரி. வலப்பக்கம் சுழலும் டம்ளரின் முன்விளிம்பு வலது பக்கமாகத் தேய்ந்துகொண்டு போகும், அதை எதிர்க்கிற உராய்வு டம்ளரை இடது பக்கம் தள்ளும். பின்விளிம்பில் இதற்கு நேர் தலைகீழ். பாரம் முன்னால் அதிகம் என்பதால் முன்விளிம்பு ஜெயிக்கிறது, டம்ளர் இடது பக்கம் போகிறது. கணக்கு அவ்வளவுதான்.

இதே கணக்கைக் கல்லுக்குப் போட்டால் அதுவும் இடது பக்கம் போயாக வேண்டும், போக மாட்டேன் என்கிறது. ஏன் என்று விஞ்ஞானிகள் கிட்டத்தட்ட நூறு வருடமாக அடித்துக்கொள்கிறார்கள். சும்மா சொல்லவில்லை, நிஜமான சண்டை.

முதலில் பனியைப் பற்றி. அது கண்ணாடி மாதிரி வழவழப்பாக இருக்கும் என்று நினைத்துவிடாதீர்கள். ஆட்டத்துக்கு முன்னால் ஒருவர் முதுகில் தண்ணீர்க் கலத்தைக் கட்டிக்கொண்டு, பூவாளியால் தெளிக்கிற மாதிரி துளித்துளியாகத் தெளித்தபடியே பின்பக்கமாக நடந்து போவார். விழுந்த துளி விழுந்த இடத்திலேயே உறைந்து வேர்க்குரு மாதிரி நிற்கும். பெபிள் என்பார்கள். கல்லின் அடிப்பாகமும் தட்டை கிடையாது, உள்ளே குழிந்தது. சில மில்லிமீட்டர் அகலத்துக்கு ஒரு வளையம் மட்டும்தான் பனியைத் தொடுகிறது. ஆக, இருபது கிலோவை ஒட்டின எடை ஒரு மெல்லிய வளையத்தில் நின்றுகொண்டு இந்தக் குருக்களின் தலைமேல் ஓடுகிறது.

முன்விளிம்பு பனியைக் கூடுதலாகச் சூடாக்குகிறது, அதனால் முன்னால் உராய்வு குறைந்து பின்னால் கூடுகிறது என்பது பழைய வாதம். 2013இல் ஸ்வீடனின் உப்சாலா பல்கலைக்கழகத்தில் வேறு மாதிரி சொன்னார்கள்: கல்லின் வளையம் சொரசொரப்பானது, அதன் முன்பகுதி பனியில் சாய்வாக நுண்ணிய கீறல் போடுகிறது, பின்னால் வரும் பகுதி அந்தக் கீறல்களில் மாட்டி அதே சாய்வில் இழுபடுகிறது. பனியை வேண்டுமென்றே கீறிவிட்டு அந்தக் கீறலால் கல்லைத் திருப்பியும் காட்டினார்கள். கனடாவில் மார்க் ஷெகெல்ஸ்கி என்கிற இயற்பியலாளர் இதை ஒத்துக்கொள்ளவில்லை, அவரிடம் வேறு விளக்கம் இருக்கிறது. அப்புறம் 2022இல் ஜப்பானின் ஜிரோ முராட்டா கல் ஓடுவதைப் படம்பிடித்து நுணுக்கமாக அளந்து, ஓரமாக ஒரு புள்ளியில் உராய்வு பிடித்துக்கொள்ள, கல் அந்தப் புள்ளியைச் சுற்றி ஊசலாடுகிற மாதிரி திரும்புகிறது என்றார்.

இதில் எனக்குப் பிடித்த புதிர் வேறொன்று. அதிகமாகச் சுழற்றினால் அதிகமாக வளையும் என்றுதானே நினைப்போம்? வளைகிற தூரம் சுழற்சியைப் பொறுத்துப் பெரிதாக மாறுவதே இல்லை. இரண்டு சுற்றுச் சுற்றினாலும் நாலு சுற்றுச் சுற்றினாலும் ஏறக்குறைய அதே ஒரு மீட்டர் சொச்சம்தான்.

#4 ஸ்காபரோசிவா

குமார் அண்ணை, தேய்க்கிறது டி.வி.க்கு இல்லை. நானும் உங்களைப்போலத்தான் நினைத்துச் சிரித்தவன். போன மாரியில் மகள் பிடித்த பிடியில் ஒரு கிளப்பில் புது ஆட்களுக்கான பயிற்சிக்குப் போனேன். இடது சப்பாத்தின் அடியில் வழுக்குகிற தகடு ஒன்றை மாட்டிவிடுவார்கள். வலது காலை ரப்பர் கட்டையில் ஊன்றி உதைந்து, இடது காலில் குந்தினபடி சறுக்கிக்கொண்டு போய், ஹாக் கோடு என்கிற எல்லைக்கோடு வருவதற்கு முன்னம் கல்லை விடவேணும். நான் கல்லை விடவில்லை, கல்தான் என்னை விட்டது. நான் ஒரு பக்கம், கல் மற்றப் பக்கம். மகள் வீடியோ எடுத்து வைத்திருக்கிறாள், கலியாண வீடுகளில் போட்டுக் காட்டுகிறாள்.

தேய்ப்புக்கு வருவோம். துடைப்பம் என்று சொன்னாலும் இப்ப தும்பு இல்லை, துணி சுற்றின தட்டையான தலை. அதன் மேல் உடம்புப் பாரம் முழுவதையும் போட்டுக் கல்லுக்கு முன்னால் மளமளவென்று தேய்க்கவேணும். பனி கொஞ்சம் சூடாகி உராய்வு குறையும். கல் சில மீட்டர் கூடப் போகும், வளைகிறதும் குறையும். இரண்டு தரம் தேய்த்தேன், இரவு தோள்மூட்டைத் தூக்க முடியவில்லை.

அங்கால நிற்கிற ஸ்கிப், அதுதான் அணித்தலைவர், கெதியாகத் தேய் என்று இங்கிலீசில் 'ஹரி! ஹரி!' என்று தொண்டை கிழியக் கத்துவார். முதல் நாள் பஜனை என்றே நினைத்தேன்.

#5 கேரம்குமார்

பனிப்பொறி, அந்தப் பஸ் பிரேக் உதாரணம் புரிந்தது, நன்றி. கீறல் விஷயத்தை இன்னொரு தடவை படிக்க வேண்டும்.

சிவா, நீங்கள் சொன்னதில்தான் எனக்குப் பெரிய வித்தியாசமே தெரிகிறது. கேரமில் ஸ்ட்ரைக்கர் விரலை விட்டுப் போனால் போனதுதான், அதற்கப்புறம் வாயைத் திறந்து பார்த்துக்கொண்டிருக்க வேண்டியது. இங்கே கல்லை விட்டபிறகும் இருபது இருபத்தைந்து வினாடி ஆட்டம் நடக்கிறது. அதுவும் விட்டவர் கையில் ஒன்றுமில்லை, மற்ற மூன்று பேர் கையில். விட்டவர் பின்னாலேயே சறுக்கிக்கொண்டு வந்து வேண்டிக்கொள்கிறார். குறி தப்பினால் யார் தப்பு? விட்டவரா, தேய்த்தவரா, தூரத்தில் நின்று கத்தினவரா?

#6 ஸ்காபரோசிவா

எங்கட அணியில் எப்பவும் என்னுடைய பிழைதான் அண்ணை.

#7 சும்மாவந்தவன்

எல்லாக் கல்லும் ஸ்காட்லாந்தில் ஒரே ஒரு தீவிலிருந்துதான் வருகிறது என்று எங்கேயோ படித்தேன். உலகத்தில் வேறெங்கும் கருங்கல்லே கிடைக்காதா என்ன? இது விளம்பரம் மாதிரித் தெரிகிறது.

#8 கிளைடுக்கரை

எல்லாக் கல்லும் என்பது மிகை. வேல்ஸில் டிரெவோர் என்ற ஊர்க் கல்லிலும் செய்கிறார்கள், கனடாவில் அது நிறையவே ஓடுகிறது. ஒலிம்பிக் கல் மட்டும் எய்ல்சா கிரெய்க் தீவுக் கல்.

நான் இருக்கிற எயர்ஷர் கரையிலிருந்து பார்த்தால் அது கடலுக்குள் யாரோ கொழுக்கட்டையைக் கவிழ்த்து வைத்த மாதிரி தெரியும். கிட்டத்தட்ட 16 கிலோமீட்டர் தள்ளி, 338 மீட்டர் உயரம். பழைய எரிமலையின் தொண்டைக்குள் இறுகிப்போன பாறை, சுற்றியிருந்ததெல்லாம் கரைந்துபோய் அது மட்டும் மிஞ்சி நிற்கிறது. மனிதர் யாரும் குடியில்லை. கானெட் பறவைகள்தான் ஆயிரக்கணக்கில். கப்பலிலிருந்து இறங்கின எலிகள் பல்கிப் பெருகி பஃபின் பறவைகளை ஒழித்துக்கட்டியிருந்தன, 1991இல் எலிகளை ஒழித்தபிறகு பஃபின்கள் திரும்பி வந்திருக்கின்றன. இதெல்லாம் கர்லிங் இல்லைதான், ஆனால் இதனால்தான் இப்போது வெடிவைத்துக் கல் உடைக்க அனுமதியில்லை. முன்பே சரிந்து கிடக்கிற பாறைகளைத்தான் எடுத்து வருகிறார்கள், அதுவும் பல வருடங்களுக்கு ஒருமுறை. 2002, அப்புறம் 2013. மாக்லின் என்ற சின்ன ஊரில் கேஸ் என்ற நிறுவனம் 1851லிருந்து இதையே தொழிலாகச் செய்கிறது.

கருங்கல் எங்கும் கிடைக்கும் தம்பி. ஆனால் அந்தத் தீவிலேயே இரண்டு வகை இருக்கிறது. ப்ளூ ஹோன் என்பது மிக நுண்ணிய மணி கொண்டது, தண்ணீரை உறிஞ்சாது. உறிஞ்சுகிற கல்லாக இருந்தால் உள்ளே போன நீர் உறைந்து விரிந்து, ஓடுகிற விளிம்பில் சில்லுச் சில்லாகப் பெயரும். காமன் க்ரீன் என்பது மோதலைத் தாங்கும். அதனால் ஒலிம்பிக் கல்லுக்கு உடம்பு காமன் க்ரீன், பனியைத் தொடுகிற அடிப்பகுதிக்கு ப்ளூ ஹோனில் ஒரு வட்டத்தை வெட்டி ஒட்டுகிறார்கள். மொத்த எடை 19.96 கிலோவைத் தாண்டக்கூடாது.

#9 சும்மாவந்தவன்

சரி அக்கா, விளம்பரம் என்று சொன்னதை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். கொழுக்கட்டை என்றதும் பசிக்கிறது.

#10 படம்பார்ப்பவன்

எல்லாரும் ஸ்காட்லாந்து ஸ்காட்லாந்து என்கிறீர்கள். வியன்னா அருங்காட்சியகத்தில் பீட்டர் புரூகல் 1565இல் வரைந்த பனிக்கால வேட்டைக்காரர் ஓவியம் இருக்கிறது. முன்னால் நாய்களோடு வேட்டைக்காரர்கள், தூரத்தில் உறைந்த குளத்தில் சின்னச் சின்ன மனிதர்கள். அதில் ஒரு கூட்டம் பனியில் எதையோ வழுக்கி விட்டு விளையாடுகிறது. அது நெதர்லாந்துப் பக்கத்துக் காட்சி. அப்படியானால் ஆட்டம் அங்கேயிருந்து கடல் தாண்டி ஸ்காட்லாந்துக்குப் போயிருக்கலாம் இல்லையா? இரண்டு பக்கமும் வியாபாரம் இருந்ததே.

#11 கிளைடுக்கரை

இந்தச் சண்டை 19ஆம் நூற்றாண்டிலேயே இங்கே நடந்து ஓய்ந்தது. வழுக்குகிற தரையும் கையில் ஒரு பொருளும் இருந்தால் எந்த ஊர்க்காரனும் அதை வழுக்கி விட்டுப் பார்ப்பான். புரூகல் படத்தில் இருப்பது ஐஸ்ஷ்டாக் வகை, நிமிர்ந்த பிடி வைத்த கட்டை. பவேரியாவிலும் ஆஸ்திரியாவிலும் இன்றைக்கும் ஆடுகிறார்கள். கல்லை வைத்து ஆடியதற்கு ஓவியத்தைவிடப் பழைய தடயம் இங்கே இருக்கிறது. டன்பிளேனில் குளத்தை வடித்தபோது கிடைத்த கல்லில் 1511 என்று வெட்டியிருக்கிறது. ஆண்டை யாரும் பிற்பாடு வெட்டியிருக்கலாமே என்று கேட்டால் அதற்கும் இடம் உண்டு, நான் அந்தக் கல்மேல் சத்தியம் செய்ய மாட்டேன்.

ஆனால் ஏட்டில் இருப்பதைத் தட்ட முடியாது. 1541 பிப்ரவரி, கிளாஸ்கோ பக்கத்தில் பெய்ஸ்லி மடம். ஜான் ஸ்கிளேட்டர் என்ற துறவி பனியில் மூன்று தடவை கல்லை எறிந்து காட்டி, மடாதிபதியின் உறவினரான கேவின் ஹாமில்டனோடு போட்டிக்குத் தயார் என்று அறிவித்திருக்கிறார். இதை அங்கிருந்த நோட்டரி ஒருவர் தன் பதிவேட்டில் லத்தீனில் எழுதி வைத்திருக்கிறார். யார் ஜெயித்தார் என்று அதில் இல்லை.

முதலில் ஆடியது கைப்பிடியே இல்லாத ஆற்றுக்கல். விரல் பிடிக்க மட்டும் சின்னப் பள்ளம் வெட்டியிருப்பார்கள். அப்புறம் இரும்புக் கைப்பிடி வந்ததும் பலசாலிகளின் காலம், 50 கிலோவைத் தாண்டின கல்கூட இருக்கிறது. ஒவ்வொருவரும் தன் கல்லைத் தானே கொண்டு வருவார், ஒன்று முக்கோணம், ஒன்று சட்டி மாதிரி. 1838இல் எடின்பரோவில் சங்கம் கூடித்தான் கல், தளம், விதி எல்லாவற்றையும் ஒரு ஒழுங்குக்குக் கொண்டுவந்தார்கள். 1842இல் விக்டோரியா ராணி ஸ்கோன் மாளிகைக்கு வந்திருந்தபோது பனி இல்லாத காலம், மெருகேற்றின மரத்தரையிலேயே கல்லை வழுக்கி ஆடிக் காட்டினார்களாம். அடுத்த வருடமே சங்கத்தின் பெயரில் ராயல் சேர்ந்துகொண்டது. அந்த மரத்தரையின் கதி என்னவாயிற்று என்று யாரும் எழுதி வைக்கவில்லை, எனக்கு அதுதான் கவலை.

#12 சும்மாவந்தவன்

துறவி சவால் விட்டிருக்கிறார். அதற்கு நோட்டரி வேறு. இப்படி ஒரு மடம் இருந்தால் நானும் சேர்ந்திருப்பேன்.

#13 கேரம்குமார்

அக்கா, குளம் உறைந்து வெளியில் ஆடுவது இப்போதும் உண்டா?

#14 கிளைடுக்கரை

சின்னக் குளங்களில் ஆசைக்கு ஆடுவார்கள். பெரிய ஆட்டம் என்றால் கிராண்ட் மேட்ச், ஸ்காட்லாந்தின் வடபாதிக்கும் தென்பாதிக்கும். 1847இல் முதல் ஆட்டம். அதற்காகவே கார்ஸ்பிரெக்கில் சங்கம் சொந்தமாகக் குளம் வைத்திருந்தது, ரயில் நிலையமும் உண்டு. கடைசியாக நடந்தது 1979 பிப்ரவரி, மென்டீத் ஏரியில். 2010இல் நல்ல குளிர், ஏரி உறைந்தது, எல்லாரும் துடைப்பத்தைத் தூசி தட்டினார்கள், பாதுகாப்புக் காரணம் சொல்லி நிறுத்திவிட்டார்கள். எங்கள் பக்கத்து வீட்டுத் தாத்தா 1979இல் ஆடியவர். 2010 பேச்சை எடுத்தால் இன்றைக்கும் முகம் சிவக்கும். உறைந்த ஏரியில் கல் ஓடும்போது அடியில் நீர் இருப்பதால் ஓர் உறுமல் கேட்குமாம். உறுமும் ஆட்டம் என்று இதற்குப் பழைய பெயரே உண்டு. உள்ளரங்கில் கேட்பது அதில் கால்பங்குகூட இல்லை என்பார்.

#15 ஒலிம்பிக்பைத்தியம்

கல், பனி, குளம் எல்லாம் ஆயிற்று, ஆடுகிறவர்களைப் பற்றி ஒருவரும் பேசவில்லையே! குமார், எந்த வருடத்து ஆட்டங்கள் பார்த்தீர்கள்? 1998 நகானோ பெண்கள் இறுதியாட்டத்தைப் பாருங்கள். சாண்ட்ரா ஷ்மிர்லர். கனடாவின் சஸ்காச்சவனில் பிகர் என்ற சின்ன ஊர்ப் பெண். கர்லிங் முறையான பதக்க ஆட்டமாகத் திரும்பி வந்த முதல் ஒலிம்பிக்கில் டென்மார்க்கை 7-5 என்று ஜெயித்துத் தங்கம் வாங்கினார். அதற்கு முன்பே மூன்று உலகப் பட்டம்.

ஆனால் அவரைப் பற்றிப் பேசுகிற எல்லாரும் சொல்வது ஒலிம்பிக் ஆட்டத்தை அல்ல, அதற்கு முந்தைய 1997 தேர்வுப் போட்டியில் விட்ட ஒரு கல்லை. முதல் குழந்தை பிறந்து சில மாதம்தான் ஆகியிருந்தது. நடுவில் எதிராளியின் கல், நேராகப் போக வழியில்லை. ஓரமாகக் கிடந்த வேறொரு கல்லின் விளிம்பில் பட்டு, அங்கேயிருந்து குறுக்கே திரும்பி, நடுவிலிருந்ததை வெளியே தள்ளினார். ஒரே கல்லில் மூன்று புள்ளி. கேரமில் சுவரில் அடித்து எடுப்பீர்களே, அந்த மாதிரி. என்ன, இங்கே காய் இருபது கிலோ, பலகை 45 மீட்டர்.

2000 மார்ச்சில் புற்றுநோயில் இறந்துபோனார். 36 வயது. இறுதிச் சடங்கை நாடு முழுக்க டி.வி.யில் நேரடியாகக் காட்டினார்கள்.

#16 ஸ்காபரோசிவா

ஓம், இங்க வந்த புதிதில் நானே பார்த்தேன். யார் என்று தெரியாது, வேலைத்தலத்தில் எல்லாரும் நின்று பார்த்ததால் நானும் நின்றேன். ஹொக்கி ஆட்டக்காரர் ஒருவர் என்றுதான் நெடுநாள் நினைத்துக்கொண்டிருந்தேன்.

#17 படம்பார்ப்பவன்

ஷ்மிர்லர் நல்ல ஆட்டக்காரர், மறுக்கவில்லை. ஆனால் ஸ்வீடனின் ஆனெட் நோர்பெர்கை விட்டுவிட்டீர்களே. 2006, 2010 இரண்டு ஒலிம்பிக்கிலும் தங்கம், இரண்டு இறுதியாட்டமும் 7-6, இரண்டும் கூடுதல் எண்ட் (16 கல்லும் விட்டு முடிகிற ஒரு சுற்று) வரை போனவை. 2006 டூரினில் கடைசிக் கல்லில் இரண்டு ஸ்விஸ் கல்லை ஒரே அடியில் வெளியேற்றினார். தொழிலில் காப்பீட்டுக் கணக்கியலாளர். இடர்ப்பாட்டைக் கணக்குப் போடுவதே வேலை, ஆட்டத்திலும் அதைத்தானே செய்தார்.

#18 ஒலிம்பிக்பைத்தியம்

நோர்பெர்கை எப்படி மறப்பேன், வரிசையாக வருகிறேன், பொறுங்கள். 2002 ஒலிம்பிக் இறுதியாட்டத்தில் பிரிட்டனின் ரோனா மார்ட்டின், 3-3 என்று சமம், கையில் கடைசிக் கல். ஸ்விஸ் கல்லை மெல்லத் தட்டி நகர்த்தித் தன் கல்லை நடுவில் நிறுத்தினார், தங்கம். பிரிட்டனில் நள்ளிரவு தாண்டியும் ஐம்பது லட்சத்துக்கு மேல் ஆட்கள் விழித்திருந்து பார்த்தார்கள். அணியில் எல்லாரும் ஸ்காட்லாந்துக்காரர்கள். அந்தப் பதக்கத்தை டம்ஃப்ரீஸ் அருங்காட்சியகத்துக்குப் பார்வைக்குக் கொடுத்திருந்தார், 2014இல் அங்கே திருடு போய்விட்டது.

2018 அமெரிக்க அணி ஜான் ஷஸ்டர். 2010இல் தோற்றுத் தோற்றுக் கடைசியில் தன் சொந்த அணியிலேயே உட்கார வைக்கப்பட்டவர். 2014இல் ஒன்பதாம் இடம், அதன்பிறகு தேசியத் திட்டத்திலேயே சேர்க்கவில்லை. தானே ஆள் சேர்த்துக்கொண்டு வந்தார். 2018 ஒலிம்பிக்கிலும் 2 வெற்றி 4 தோல்வி என்று கிடந்து, அங்கேயிருந்து வரிசையாக ஐந்து ஆட்டம் ஜெயித்துத் தங்கம். இறுதியில் எட்டாவது எண்டில் ஸ்வீடனுக்கு எதிராக ஒரே மூச்சில் 5 புள்ளி. மேடையில் தவறுதலாகப் பெண்கள் பதக்கத்தைக் கொடுத்துவிட்டார்கள், அது தனிக்கதை.

அதே ஒலிம்பிக்கில் தென்கொரியாவின் உய்சொங் பெண்கள். பூண்டு விளையும் ஊர். அணியில் எல்லாருக்கும் குடும்பப்பெயர் கிம், பயிற்சியாளரும் கிம். வெளிநாட்டுக்காரர்களுக்குக் குழப்பம் வரக்கூடாது என்று ஆளுக்கொரு காலை உணவின் பெயரை வைத்துக்கொண்டார்கள், ஒருவர் பேன்கேக், ஒருவர் ஸ்டேக். மூக்குக்கண்ணாடி போட்ட ஸ்கிப் கிம் உன்-ஜங், தேய்க்கிற தோழியைப் பார்த்து 'யொங்-மி!' என்று கத்துவது அந்த நாட்டில் குழந்தைகள்வரை பரவிவிட்டது. அரையிறுதியில் ஜப்பானை 8-7 என்று ஜெயித்து, இறுதியில் ஸ்வீடனிடம் தோற்று, வெள்ளி.

#19 கேரம்குமார்

ஷஸ்டரின் அந்த எட்டாவது எண்ட் பார்த்தேன். கடைசிக் கல் போகும்போது நான் எழுந்து நின்றுவிட்டேன். மனைவி விளக்கைப் போட்டாள். அதற்குமேல் இங்கே எழுத விரும்பவில்லை.

ஒரு கேள்வி. முறையான ஆட்டமாகத் திரும்பி வந்தது 1998 என்றால், முதலில் வந்தது எப்போது?

#20 ஒலிம்பிக்பைத்தியம்

1924, பிரான்சில் ஷமோனி. முதல் குளிர்கால ஒலிம்பிக்கிலேயே இருந்தது. வந்தது மூன்றே நாடு. பிரிட்டன் சார்பில் போனதெல்லாம் ஸ்காட்லாந்து ஆட்கள். ஸ்வீடனை 38-7, பிரான்ஸை 46-4 என்று அடித்தார்கள். அணியில் ராபின் வெல்ஷுக்கு 54 வயது. வெள்ளி வாங்கின ஸ்வீடன் அணியில் கார்ல் ஆகஸ்ட் க்ரோன்லுண்டுக்கு அதைவிட அதிகம், 58.

இதில் கூத்து என்னவென்றால், அது வெறும் காட்சி ஆட்டமா பதக்க ஆட்டமா என்று பிறகு யாருக்கும் தெளிவில்லாமல் போய்விட்டது. கிளாஸ்கோ பத்திரிகை ஒன்று விடாமல் நோண்டி, 2006 பிப்ரவரியில்தான் ஒலிம்பிக் குழு அது முறையான தங்கம்தான் என்று ஒத்துக்கொண்டது. ஜெயித்து 82 வருடம் கழித்து! ஆடின ஒருவரும் உயிரோடில்லை.

#21 பனிப்பொறி

தேய்ப்பு பற்றி ஒன்று விட்டுப்போயிற்று, சிவா சொன்னதோடு சேர்த்துப் படியுங்கள். 2015இல் இந்த ஆட்டமே இரண்டாகிவிடும் போலிருந்தது, காரணம் துடைப்பத் துணி. புது வகைத் துணி ஒன்று வந்தது, சொரசொரப்பானது. அதை வைத்து ஒரே ஆள் ஒரு பக்கச் சாய்வாகத் தேய்த்தால் கல்லை விருப்பப்படி வளைக்க முடிந்தது, வளைகிற கல்லை நேராக்கவும் முடிந்தது. நான் மேலே எழுதின கீறல் வாதம் ஞாபகம் இருக்கிறதா? அதே வேலையைத் துணி செய்துவிட்டது. சில சமயம் கல் எதிர்ப்பக்கம்கூடப் போனதாக ஆட்டக்காரர்களே புகார் சொன்னார்கள்.

இருபதுக்கும் மேற்பட்ட முன்னணி அணிகள் சேர்ந்து அந்த மாதிரித் துணியைப் பயன்படுத்த மாட்டோம் என்று தாங்களாகவே எழுதிக் கையெழுத்துப் போட்டன. மற்றவர்கள் விதியில் இல்லையே, ஏன் விட வேண்டும் என்றார்கள். 2016 மே மாதம் கனடாவில் கெம்ப்ட்வில் என்ற இடத்தில் ஆட்டக்காரர்களையும் ஆராய்ச்சிக்காரர்களையும் கூட்டி, பனியில் வைத்தே சோதித்தார்கள். அதற்கப்புறம் பெரிய போட்டிகளில் எல்லாருக்கும் ஒரே துணிதான்.

#22 கேரம்குமார்

இதில் நான் அந்த மற்றவர்கள் பக்கம். கேரமில் பவுடர் போடுவதில்லையா? ஸ்ட்ரைக்கரைத் தேர்ந்தெடுப்பதில்லையா? கருவி நல்லதாக இருந்தால் தப்பா?

#23 ஸ்காபரோசிவா

பவுடர் இரண்டு பேருக்கும் பொது அண்ணை. பலகையில் போட்டால் எனக்கும் வழுக்கும் உங்களுக்கும் வழுக்கும். இது நீங்கள் அடித்தபிறகு உங்கட தம்பி பலகையில் குனிந்து காயை ஊதி ஊதிக் குழிக்குள் கொண்டுபோகிற மாதிரி. கல்லை விட்டவனுடைய கைக்கு அப்ப என்ன மரியாதை?

#24 கேரம்குமார்

ஊதுகிற தம்பி... சரி, இதற்கு என்னிடம் பதில் இல்லை. ஆனால் முழுசாக ஒத்துக்கொள்ளவும் மாட்டேன், ஏனென்றால் சாதாரணத் தேய்ப்பும் கொஞ்சம் ஊதல்தானே? அளவுதான் வித்தியாசம்.

#25 பனிப்பொறி

அளவுதான். கெம்ப்ட்விலில் உட்கார்ந்து முடிவு செய்ததும் அந்த அளவைத்தான்.

#26 சும்மாவந்தவன்

எனக்கு வேறொரு குழப்பம். நேற்று ஓர் ஆட்டம் பார்த்தேன், கடைசிக் கல்லை வைத்திருந்த அணி ஒரு புள்ளி எடுக்கலாம், எடுக்கவில்லை. எதிராளி கல்லை அடித்துத் தன் கல்லையும் வெளியே உருட்டிவிட்டார்கள். பூஜ்யம். பைத்தியமா? அதோடு இன்னொரு ஆட்டத்தில் இரண்டு எண்ட் பாக்கியிருக்கும்போதே கைகுலுக்கிவிட்டுப் போய்விட்டார்கள். டிக்கெட் வாங்கினவன் கதி?

#27 ஒலிம்பிக்பைத்தியம்

பைத்தியம் நான்தான், அவர்கள் இல்லை. கடைசிக் கல் விடும் உரிமைக்கு ஹேமர் என்று பெயர். ஓர் எண்டில் புள்ளி எடுத்தால் அடுத்த எண்டில் ஹேமர் எதிராளிக்குப் போய்விடும். யாருமே எடுக்காவிட்டால் வைத்திருப்பவரிடமே இருக்கும். ஹேமரைக் கையில் வைத்துக்கொண்டு ஒரே ஒரு புள்ளி எடுப்பது நஷ்டக் கணக்கு, இரண்டாவது வேண்டும். அதனால் ஒன்றை விட்டுவிட்டு அடுத்த எண்டில் இரண்டுக்கு அடி போடுவார்கள். 16 கல்லும் போய்க் கடைசியில் பூஜ்யம் என்று பார்க்கிறவருக்கு எரிச்சல் வருவது நியாயம்தான், எனக்கும் வரும்.

கைகுலுக்கல் சதுரங்கத்தில் ராஜாவைச் சாய்க்கிற மாதிரி. ஜெயிக்க வழியில்லை என்று தெரிந்தபிறகு இழுப்பதை மரியாதைக் குறைவாக நினைக்கிறார்கள். துடைப்பம் கல்லில் பட்டுவிட்டால் பட்டவரே கையைத் தூக்கிச் சொல்ல வேண்டும், நடுவர் பார்த்தாரா இல்லையா என்பது பேச்சே இல்லை.

#28 ஸ்காபரோசிவா

ஆட்டம் முடிய வென்றவர்கள் தோற்றவர்களுக்குக் குடிக்க வாங்கிக் கொடுக்கவேணும், அதையும் சொல்லுங்கோ. எங்கட அணி இந்தப் பருவத்தில் ஒரு கோப்பிக்கும் காசு கொடுக்கவில்லை.

#29 கேரம்குமார்

கடைசி முயற்சி செய்துவிட்டேன், சொல்லிவிடுகிறேன். சமையலறைக் கருங்கல் மேடையைத் துடைத்து, அம்மாவின் மருந்துக்கு வைத்திருந்த சொட்டுக் குழாயால் தண்ணீரைப் புள்ளிப் புள்ளியாக வைத்து, டம்ளருக்குள் அரைக்கிலோ படிக்கல்லை ஒட்டி, வலப்பக்கம் சுழற்றி விட்டேன். மறுபடியும் இடது பக்கம்தான். தண்ணீர் உறையாமல் இது நடக்காது என்று புரிந்துவிட்டது.

பனிப்பொறி, ஃபிரிட்ஜின் ஃப்ரீசரில் ஒரு பெரிய தாம்பாளம் நுழையுமா என்று அளந்து வைத்திருக்கிறேன். துளியை எவ்வளவு உயரத்திலிருந்து விட வேண்டும்?

#30 பனிப்பொறி

இடுப்பு உயரம். தாம்பாளத்தில் முதலில் ஒரு விரல்கடை தண்ணீர் உறைய வைத்துவிட்டு, அப்புறம் துளியை விடுங்கள். வீட்டில் சொல்லிவிட்டுச் செய்யுங்கள்.

#31 சும்மாவந்தவன்

சொல்லாமல் செய்யுங்கள். நாளைக்கு மறுபடி வருகிறேன்.